ஸ்பொட்டுக்கு ஆள் வராத ஊர்



தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் மாலைப் பூசை முடிந்து, குவிந்துகிடந்த சப்பாத்துகளுக்குள் என்னுடைய ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். "தம்பி, ஒரு நிமிசம்" என்று தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், நமது இதழைத் தன் கடை மேசையில் வைத்து விற்றுத் தருகிற அண்ணை. பெயர் போடவேண்டாம் என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டார். "உமக்கு இந்த இன்சூரன்ஸ் விசயம் தெரியும்தானே? இதை ஒருக்காப் பாரும்" என்று கைத்தொலைபேசியை நீட்டினார்.

11 படங்கள். பதினொன்றிலும் அதே வெள்ளை வானின் அதே வலப்பக்கம். பின்விளக்கு நொறுங்கி, தகடு சப்பளிந்து, அதன்மேல் கறுப்பாக ரயர் தேய்த்த தடம், கடைசியில் ஒற்றை வயரில் தொங்கும் பக்கக் கண்ணாடி. ஒரு படத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருந்தது. சேதத்தை இவ்வளவு தெளிவாக எடுத்தவர் வேறு எதையும் எடுக்கவில்லை. இடித்த லொறி எங்கே? தெரு எங்கே? வான் எங்கே நின்றது? அந்தப் படங்களைப் பார்த்தால், வானைச் சந்திர மண்டலத்தில் நிறுத்தி யாரோ சுத்தியலால் அடித்துவிட்டுப் போனது போலத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமைக் காலை, ஏழு மணி இருக்கும், இருள் முழுதாக விலகவில்லை, தூறல். அண்ணையும் பதினைந்து வயது மகனும் சவுத்ஹோல் பக்கம் இருக்கிற வெஸ்டேர்ன் இன்டர்நஷனல் சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வந்து, அக்ஸ்பிரிட்ஜ் வீதியிலிருந்து பிரிகிற சிறு தெரு ஒன்றில் வானை ஓரமாக நிறுத்தி, என்ஜினை நிற்பாட்டிவிட்டுப் பெட்டிகளைக் கடைக்குள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய லொறி ஒன்று இடப்பக்கமாக அந்தத் தெருவுக்குள் திரும்பியது. தலைப்பகுதி வடிவாகத்தான் போனது. பின்னால் வந்த ட்ரெய்லர் வானை உரசிக்கொண்டு போய் நின்றது.

லொறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் சாரதிகள் இடப்பக்கம் திரும்புவதற்கு முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவார்கள். அன்றைக்கு அந்த ஒதுக்கம் போதவில்லை. சாரதி நல்ல மனிசன், உடனே இறங்கி வந்து "சொறி, சொறி" என்று நெஞ்சில் கைவைத்தார், சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார். அவரும் எங்களைப் போலச் சாமத்தில் எழும்பி வேலைக்கு வந்த, வேற்று நாட்டுக்காரர். அண்ணை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கொடுத்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு கடிதம் வந்தது. லொறிக் கம்பனியின் காப்புறுதி நிறுவனம் எழுதியது. எங்கள் சாரதியின் அறிக்கைப்படி உங்கள் வான் ஓடி வந்து தெருமுனையில் திடீரென்று நின்றது. சந்தியிலிருந்து 10 மீற்றருக்குள் வாகனம் நிறுத்தக்கூடாது என்று ஹைவே கோட் 243ஆம் விதி சொல்கிறது. வான் நின்ற இடத்துக்கும் எங்கள் லொறிதான் இடித்தது என்பதற்கும் உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த 11 படங்களில் ஒன்றாவது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை.

அண்ணையில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பழகியது ஊர் வழக்கம். இலங்கையில் வாகனம் மோதினால் காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுப்போம். மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் ஸ்பொட்டுக்கே வருவார். அவர் வரும்வரை இரண்டு வாகனங்களும் இடித்த இடத்திலேயே நிற்கும், பின்னால் காலி வீதி முழுக்க ஹோர்ன் அடிக்கும், யாரும் அசையமாட்டார்கள். வந்தவர் படம் எடுப்பார், அளப்பார், அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பார். தமிழ்நாட்டிலோ இது பொலிஸ்காரர் வேலை. விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பார்வை மகஜர் எழுதுவார்கள், மாதிரி வரைபடம் ஒன்று கீறுவார்கள், சாட்சிகள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள். வீதியின் அகலம், எந்தத் திசையில் என்ன இருக்கிறது, மரம் எங்கே, மின்கம்பம் எங்கே என்று அந்தத் தாளில் இருக்கும்.

லண்டனில் ஸ்பொட்டுக்கு ஆள் வருவதில்லை. யாரும் காயப்படாத விபத்தென்றால் பொலிஸாரும் பெரும்பாலும் வரமாட்டார்கள். மகஜர் எழுதுகிற ஆளும் நீங்கள்தான், வரைபடம் கீறுகிற ஆளும் நீங்கள்தான். இந்த ஒரு விசயத்தைச் சொல்லத்தான் இந்த மாதம் என் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். காயத்தை எடுக்கத் தெரிந்த எங்களுக்கு இடத்தை எடுக்கத் தெரியவில்லை.

அந்த ஸ்பொட் ஆளாக நின்று யோசித்துப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 999. அதற்குப் பிறகு, வாகனத்தை விட்டு இருபது அடி பின்னால் நடவுங்கள். முதல் படம் அங்கிருந்து: இரண்டு வாகனமும், தெருமுனையும், தெருப்பெயர்ப் பலகையும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும். பலகை தூரத்தில் இருந்தால் விளக்குக் கம்பத்தையாவது சேருங்கள். கம்பத்தில் எண் ஒட்டியிருக்கும், அந்த எண்ணைத் தனியாகவும் ஒரு படம். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. தரையில் வீதிக்கோடு, கண்ணாடித் துண்டு, ரயர் தடம், நடைபாதைக் கல்லில் ஏறிய சேறு. சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதும் சாட்சிதான். சந்திக்கும் உங்கள் வாகனத்துக்கும் எவ்வளவு தூரம் என்று காலடியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேதத்தைக் கடைசியில் எடுங்கள், அது எங்கேயும் ஓடாது. அதை எடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஒய்ஸ்டர் அட்டையைப் பிடித்தால் அளவு தெரியும்.

லொறி என்றால் இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. காருக்கு ஒரு இலக்கத்தகடு போதும். லொறிக்கு முன்னாலும் பாருங்கள், ட்ரெய்லரின் பின்னாலும் பாருங்கள். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த வண்டி என்றால் இரண்டு தகடும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் வேண்டும். கதவில் எழுதியிருக்கும் கம்பனிப் பெயர், ட்ரெய்லரில் ஒட்டியிருக்கும் எண், கொள்கலன் ஏற்றியிருந்தால் அதன் முதுகில் இருக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். தலை ஒரு கம்பனி, ட்ரெய்லர் இன்னொரு கம்பனி, சரக்கு மூன்றாவது ஆளுடையது என்று இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். இங்கே மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனத்தை வியாபாரத்துக்கு ஓட்ட ஒப்பரேட்டர் லைசென்ஸ் வேண்டும். கம்பனிப் பெயர் கையில் இருந்தால் அரசாங்க இணையத்தளத்தில் அந்த உரிமத்தைத் தேடலாம். இலக்கத்தகடு தெரிந்தால், எந்தக் காப்புறுதி நிறுவனம் என்பதை மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ நடத்துகிற பதிவேட்டில் தெரிந்துகொள்ளலாம். 1946இல் தொடங்கிய அமைப்பு அது. காப்புறுதி இல்லாத வாகனமோ, இடித்துவிட்டு ஓடிய வாகனமோ தந்த நட்டத்துக்கும் கடைசிக் கதவு அதுதான். அந்தப் பதிவேட்டில் உங்கள் சொந்த வாகனத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதற்குக் காசில்லை. வட்ஸ்அப்பில் மலிவு விலைக்குக் காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் வாங்கி, கையில் பத்திரமும் பதிவேட்டில் வெறுமையுமாக நிற்கிற நம்மவர்களை எனக்குத் தெரியும்.

சட்டம் என்ன கேட்கிறது? 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவு: இன்னொருவருக்குக் காயமோ, இன்னொரு வாகனத்துக்கோ சொத்துக்கோ சேதமோ ஏற்பட்டால் சாரதி நிற்கவேண்டும், நியாயமான காரணத்தோடு கேட்பவருக்குத் தன் பெயர், முகவரி, வாகன உரிமையாளரின் பெயர், முகவரி, இலக்கம் எல்லாம் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாமற் போனால் பொலிஸில் சொல்லவேண்டும். 24 மணி நேரம் இருக்கிறதே என்று பலர் ஆறுதலாக இருப்பார்கள். சட்டம் சொல்வது இயன்றவரை உடனடியாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் என்று. சிகரெட் அட்டையில் ஒரு தொலைபேசி எண் இந்தப் பிரிவுக்குக் காணாது. இதே பிரிவில் மிருகங்களின் பட்டியலும் ஒன்று உண்டு: குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, ஆடு, நாய். பூனை இல்லை. பூனை வளர்க்கிற வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்கள் சொல்லவேண்டாம்.

"சொறி" சொன்னால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. ஆகவே மனிசத்தன்மையை விடவேண்டாம். "பிழை என்னுடையதுதான், நான் கட்டுகிறேன்" என்பது வேறு. அந்த வாக்கியத்தை உங்கள் காப்புறுதி ஒப்பந்தமே தடுத்திருக்கும். மறுபக்கம், லொறிச் சாரதி நெஞ்சில் கைவைத்துக் கேட்ட மன்னிப்பை வைத்து அண்ணையாலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

வாய்ச்சாட்சியின் கதை இந்த நகரத்தில் பழையது. 1896 ஆகஸ்ட் 17 அன்று, கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில், பிரிஜிட் டிரிஸ்கோல் என்ற பெண் மகளோடும் தோழியோடும் நடந்து போகும்போது காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். மரண விசாரணையில், மணிக்கு 4 மைலில் வந்தேன் என்றார் சாரதி. தீயணைப்பு வண்டி போலப் பறந்து வந்தது என்றார் பார்த்த ஒருவர். என்ஜினில் ஏதோ மாற்றம் செய்து வேகத்தைக் கூட்டியிருந்தார் என்றார் வண்டியில் கூட இருந்த பெண். ஒரே வண்டி, ஒரே நிமிசம், மூன்று கதை. கடைசியில் இன்னொரு சாரதியை வைத்து வண்டியைப் பரிசோதித்தார்கள்; அதன் என்ஜினில் பூட்டியிருந்த பட்டியோடு மணிக்கு நாலரை மைலுக்கு மேல் அது ஓடாது என்று அவர் சொன்னார். ஜூரிகள் தற்செயல் மரணம் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். மனிசர் ஆளுக்கொன்று சொன்ன இடத்தில் ஒரு பட்டியைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

இன்றைய லொறியில் அந்தப் பட்டிக்குப் பதில் டிஜிட்டல் டகோகிராப் இருக்கிறது. வண்டி ஓடிய கடைசி 24 மணி நேரத்துக்கு, வினாடிக்கு வினாடி வேகம் எவ்வளவு என்று அதற்குள் பதிந்திருக்கும். லொறி மேலும் ஓட ஓடப் பழையது அழிந்து புதியது ஏறும். நீண்ட பாதையில் ஓடுகிற வண்டி என்றால் மூன்று நாளில் உங்கள் விபத்து அதிலிருந்து போய்விடும். லண்டனில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு 2021 மார்ச்சிலிருந்து பாதுகாப்பு அனுமதி வேண்டும். 2024 அக்டோபர் 28இலிருந்து விதி இறுகி, பழைய வடிவ லொறிகள் பலவற்றில் இடப்பக்கக் கமராவும் சென்சரும் பூட்டவேண்டி வந்தது. அந்தக் கமரா பதிவு செய்கிற வகையாக இருந்தால் அதுவும் சில நாளில் மேலெழுதப்படும். ஆகவே அன்றைக்கே கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல்: இந்தத் திகதி, இந்த நேரம், இந்த இலக்கம், டகோகிராப் தரவையும் கமராப் பதிவையும் அழிக்காமல் வையுங்கள் என்று. அவர்கள் உங்கள் கையில் தரமாட்டார்கள். கேட்டிருந்தீர்கள் என்ற பதிவு இருக்கும், பிறகு உங்கள் காப்புறுதி நிறுவனமோ வழக்கறிஞரோ அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்.

அண்ணையின் கடைக்கு எதிரே முடிவெட்டும் கடை. வாசலில் கமரா. மூன்றாவது கிழமைதான் போய்க் கேட்டார். "அண்ணை, போன கிழமை வந்திருந்தாலும் எடுத்துத் தந்திருப்பன்" என்றாராம் கடைக்காரத் தம்பி. பழைய பதிவு அழிந்துவிட்டது. ஏன் அத்தனை நாள் தாமதம்? நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்று தன் காப்புறுதி நிறுவனத்துக்கே சொல்லாமல் இருந்திருக்கிறார், லொறிக் கம்பனி தானாகக் காசு அனுப்பும் என்று நம்பிக்கொண்டு. கிளெய்ம் செய்தாலும் செய்யாவிட்டாலும் விபத்தைத் தெரிவிப்பது ஒப்பந்தத்தில் உள்ள கடமை. அடுத்த வருடம் கட்டணம் கொஞ்சம் ஏறலாம், பிழை உங்களுடையது அல்ல என்றாலும் ஏறலாம், அது நியாயமில்லை என்பது என் கருத்து. சொல்லாமல் மறைத்ததைப் பிறகு கண்டுபிடித்தால் நிலைமை அதைவிட மோசம்.

மொழி செய்த வேலையையும் சொல்லவேண்டும். படிவத்தை நிரப்பியது அண்ணையின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. தகப்பன் சொன்னது: "வான் அதிலை நிண்டது. லொறி வந்து இடிச்சது." பிள்ளை "ஸ்டொப்ட்" என்று எழுதிவிட்டது. எழுதவேண்டியது "பார்க்ட்". தமிழில் 'நின்றது' என்ற ஒரே சொல், ஓடி வந்து நின்றதற்கும் காலையிலிருந்து அசையாமல் நின்றதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. வான் ஓடி வந்து திடீரென்று நின்றது என்ற சாரதியின் கதைக்கு அண்ணையின் படிவமே கால் கொடுத்துவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சொல்லைத்தான் மொழிபெயர்த்தது, அந்தக் காலையை அல்ல. என் யோசனை, அன்று இரவே நடந்ததைத் தமிழில் எழுதுங்கள், உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். என்ஜின் ஓடியதா, திறப்பு எங்கே இருந்தது, வாகனத்துக்குள் யார், கையில் என்ன பெட்டி. எழுத வராதவர் கைத்தொலைபேசியில் பேசிப் பதியலாம். ஆங்கிலம் அதற்குப் பிறகு வரட்டும்.

பரிஸில் இருக்கிற உறவுகளின் காரில் ஏறியவர்கள் கையுறைப் பெட்டியில் ஒரு படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். 'கொன்ஸ்தா' என்பார்கள். இரண்டு சாரதிகளும் வீதியோரத்திலேயே சேர்ந்து நிரப்பி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு, ஐந்து வேலை நாட்களுக்குள் தங்கள் காப்புறுதிக்கு அனுப்பவேண்டும். 17 கட்டங்கள் இருக்கும். அதில் முதல் கட்டமே, வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது அல்லது நின்றுகொண்டிருந்தது என்பது. படம் கீற ஒரு வெற்றிடமும் உண்டு. இங்கே அது வழக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தூறலில், தேத்தண்ணியோடு, சாரதியும் அண்ணையும் பத்து நிமிசத்தில் விசயத்தை முடித்திருப்பார்கள்.

எங்கள் தலைமுறை பற்றியும் ஒன்று தோன்றுகிறது. அண்ணை 80களின் நடுப்பகுதியில் வந்தவர். "பேர் விலாசம் எழுதிக் குடுக்கிறதெண்டால் எனக்கு இப்பவும் கை கூசும் தம்பி" என்றார். தன் பெயர் ஒரு தாளில் ஏறுவது ஆபத்து என்று படித்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அதே மனிதர்தான் இந்த நாட்டில் தங்குவதற்காக, ஊர்க் கடிதம், வைத்திய அறிக்கை, பழைய படம் என்று ஒரு கோப்பையே சேர்த்துக் கொடுத்து வென்றவர். ஆவணம் சேர்க்கத் தெரியாத சமூகம் அல்ல நாங்கள்.

இடையில் அண்ணைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நம்மவர்தான், நல்ல தமிழ். "நீங்கள் வானுக்குள்ளை இருந்ததெண்டு சொல்லுங்கோ, கழுத்து நோகுதெண்டு சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்." அண்ணை மறுத்துவிட்டார், அதற்காகவே அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வணக்கம். கணக்குப் பார்த்தாலும் அது முட்டாள்தனம். மூன்று மாதத்துக்குள் மாறுகிற கழுத்து நோவுக்கு 2021 மே 31 முதல் சட்டம் வகுத்த தொகை 240 பவுண். 2025இல் அதைச் சுமார் 15 வீதம் கூட்டினார்கள். மருத்துவ அறிக்கை இல்லாமல் அதைப் பேசி முடிக்கவும் தடை. அந்தப் பொய் பிடிபட்டால், 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 57ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் கோரிக்கை முழுவதையும் தள்ளுபடி செய்யும், அதில் உண்மையாகச் சேதமான வானின் கணக்கையும் சேர்த்து. இப்படித் தொலைபேசி எடுக்கிற நம்மவர்களுக்கு, இந்த இதழில் உங்கள் விளம்பரம் வராது.

அண்ணையைக் காப்பாற்றியது மகன். விபத்து நடந்த அன்று சனிக்கிழமை, பையனுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். நேரத்துக்குப் போக முடியாதென்று தாய்க்குக் காட்டுவதற்காக, கடை வாசலில் நின்றபடி ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். அவன் நெளிவை எடுக்கவில்லை. குறுக்கே நிற்கிற லொறி முழுதாக, கதவில் கம்பனிப் பெயர், பின்னால் வான், முனையில் தெருப்பெயர், திறந்த பின்கதவு வழியே அடுக்கியிருக்கும் பெட்டிகள், நடைபாதையில் முருங்கைக்காய்க் கட்டோடு தகப்பன். வானுக்கும் முனைக்கும் நடுவே இரண்டு வீட்டு வாசல்கள். பின்னாளில் அளந்தபோது 10 மீற்றருக்கு நன்றாக வெளியே. தாயின் பதில்: "சரி, சாப்பிட்டனியா?"

தாயின் தொலைபேசிக்குப் போன படத்தில் எடுத்த நேரமும் இடமும் இல்லை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த உட்குறிப்புகள் உதிர்ந்துவிடும். பையனின் தொலைபேசியில் மூலப்படம் அழியாமல் இருந்தது. அதைக் கோப்பாக, படமாக அல்ல, அனுப்பினோம். படங்களை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஏழாவது மாதம் லொறியின் காப்புறுதி நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. வான் திருத்தச் செலவும், திருத்திய நாட்களுக்கு வாடகை வானின் செலவும் வந்தன. நசுங்கிப்போன மரக்கறிக்கு ஒரு சதமும் வரவில்லை, சந்தையில் காசு கொடுத்து வாங்கியவர் பற்றுச்சீட்டை வீசிவிட்டார். இழுபட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில கணக்குகள்: இங்கிலாந்தில் உடற்காயத்துக்கு வழக்குப் போட 3 வருடம், பொருட்சேதத்துக்கு 6 வருடம். உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனம் உங்கள் முறைப்பாட்டை 8 கிழமைக்குள் தீர்க்காவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர்களின் இறுதிப் பதில் வந்திருந்தால் 6 மாதத்துக்குள் போகவேண்டும். மற்றவரின் காப்புறுதி நிறுவனத்தைப் பற்றி அங்கே முறையிட முடியாது, பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

புது வாகனம் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அண்ணையின் வானும் ஏறிய வான்தான். அந்தப் பூசை நாளிலேயே கையுறைப் பெட்டிக்குள் ஒரு தாளையும் வைத்துவிடுங்கள். இந்த இதழின் நடுப்பக்கத்தில் அதை அச்சிட்டிருக்கிறோம்: ஒருபக்கம் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும், மறுபக்கம் தெருவைக் கீறுவதற்கு வெறும் கட்டம். 'வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது' என்பதும் 'ஓடி வந்து நின்றது' என்பதும் தனித்தனிக் கட்டங்கள். வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கூடுதல் பிரதி வேண்டுமானால் அண்ணையின் கடை மேசையில் இருக்கும். கூடவே பேனை வைக்காதீர்கள், கார்த்திகைக் குளிரில் எழுதாது. பென்சில் வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்